38 சிலைட்டுகள், ஒரு மரப்பெட்டி, மார்கழி மழை

கார்த்திகை மாதக் கடைசியில், மட்டக்களப்பின் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியல் படிப்பிக்கும் அக்கா ஒருவர் சின்ன மரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே 38 சிலைட்டுகள். பாடப்புத்தகத்தில் நிரந்தர வழுக்கி என்று இருக்குமே, அவைதான். சிறுநீரகம், சிறுகுடல், ஈரல், நுரையீரல், நாக்கு, தோல், தைரொயிட். எல்லாம் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற மெல்லிய ஏடு வெட்டும் கருவியில் வெட்டி, சாயமேற்றிய இழைய வெட்டுகள்.

"தம்பி, பிள்ளைகளுக்குக் காட்ட இதை விட்டா என்னட்ட வேற ஒண்டும் இல்ல. நுணுக்குக்காட்டியில வைச்சா கறுப்பு மரம் முளைச்ச மாதிரித் தெரியுது. ஏதும் செய்ய ஏலுமா?"

நான் இழையவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். புதுச் சிலைட் ஒட்டுவது எனக்கு அன்றாட வேலை. பழையதைக் கழற்றித் திரும்ப ஒட்டுவதோ அதுவரை இரண்டு மூன்று தடவை மட்டுமே செய்தது. ஆனாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த வெட்டுகள் எந்த மெழுகுக் கட்டியிலிருந்து வந்தனவோ, அந்தக் கட்டிகள் இன்று எங்கும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 5 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் 200இல் ஒரு பங்கு தடிப்புள்ள அந்த ஏடு மட்டும்தான் மிச்சம். அது போனால் போனதுதான்.

முதல் இரண்டு இரவும் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு சிலைட்டையும் விளக்குக்கு நேரே சரித்துப் பிடித்துப் பார்த்தேன், பிறகு 4 மடங்கு வில்லையில் வைத்துப் பார்த்தேன், கொப்பியில் குறித்தேன். 11 சிலைட்டுகளில் கோளாறு முழுக்க வெளியே: கண்ணாடியின் மேல் பூஞ்சணம், தூசு, வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையில் விடும் அமிழ்வு எண்ணெயை யாரோ துடைக்காமல் விட்டது. 6 சிலைட்டுகள் கனடா பல்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியவை. தேன் நிறமாக மஞ்சளித்திருந்தாலும் இழையம் தெளிவாக இருந்தது. 4 சிலைட்டுகளில் அடிக்கண்ணாடியே வெடித்திருந்தது. மீதி 17 தான் அக்கா சொன்ன கறுப்பு மரங்கள்.

அந்த மரம் வேறொன்றுமில்லை, காற்று. இழையத்துக்கும் மேல் மூடும் மெல்லிய கவர்ஸ்லிப்புக்கும் இடையில் நாங்கள் விடும் பசை டி.பி.எக்ஸ். பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை சைலீன் என்ற கரைப்பானில் கரைத்து, காய்ந்த பின் வெடிக்காமலிருக்க இளக்கி ஒன்றைச் சேர்த்துச் செய்வது. 1939இல் கேர்க்பற்றிக், லெண்ட்ரம் என்ற இருவர் இந்தக் கலவையை வெளியிட்டார்கள். அதற்கு முன் பெரும்பாலும் பல்சம் மரத்துப் பிசினான கனடா பல்சம்தான். பல்சம் காலம் போகப் போக மஞ்சளிக்கும், புளிப்புத் தன்மையால் சில சாயங்களை வெளிறச் செய்யும். டி.பி.எக்ஸில் அந்தக் குறை இல்லை, ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு: சைலீன் ஆவியாகப் போகப் போகச் சுருங்கும். பசையை மெல்லியதாகக் கரைத்து, கஞ்சத்தனமாக விட்டு ஒட்டியிருந்தால் ஓரத்தால் காற்று உள்ளே நுழைந்து கிளை கிளையாகப் பரவிவிடும். கண்ணாடியின் ஒளிமுறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, ஏறக்குறைய 1.52, டி.பி.எக்ஸும் அப்படித்தான், நீர் நீக்கிய இழையமும் அதை ஒட்டியே வரும். அதனால் ஒளி நேராகப் போய்வருகிறது, சாயம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றின் சுட்டி 1. காற்று புகுந்த இடத்தில் ஒளி சிதறிப்போய்க் கறுப்பாகத் தெரியும். இழையம் பழுதாகவில்லை, மூடியதுதான் பழுது என்பதை அக்காவுக்குச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஆறுதலை மறக்கமாட்டேன்.

பூஞ்சணம் பிடித்த 11ஐயும் மெல்லிய துணியில் 70 வீத அற்ககோல் தொட்டுத் துடைத்தேன். எண்ணெய் இருந்த இடத்துக்கு மட்டும் சைலீன் ஒரு தொடுகை, அதுவும் கவர்ஸ்லிப்பின் நடுவில். சைலீன் ஓரத்தில் பட்டால் உள்ளே இருக்கும் பசை இளகிவிடும். பல்சச் சிலைட்டுகள் ஆறையும் அப்படியே விட்டேன். மஞ்சளாக இருக்கிறதே, கழற்றிப் புதிதாக ஒட்டலாமே என்று கை துறுதுறுத்தது. ஆனால் பிள்ளைகள் பார்க்கவேண்டிய கலங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தெரிகிற சிலைட்டைக் கழற்றுவது என்னைப் பொறுத்தவரை தேவையில்லாத ஆபத்து.

இனி அந்த 17. கவர்ஸ்லிப்பைக் கழற்ற ஒரே வழி, சிலைட்டை சைலீனில் ஊறப்போட்டுக் காத்திருப்பது. என்னிடம் இருந்த கண்ணாடிச் சாடிகள் 12ஐத்தான் கொண்டன. மிச்சத்துக்கு அவசரத்தில் ஒரு யோகட் கப்பை எடுத்து அதில் சைலீனை ஊற்றினேன். சில நிமிடத்தில் கப்பின் அடி இளகி, மேசைவிரிப்பு நனைந்தது. நல்லவேளை, சிலைட்டுகளை இன்னும் வைக்கவில்லை. கப் செய்வது பொலிஸ்டைரீனில், டி.பி.எக்ஸ் போத்தலுக்குள் சைலீனில் கரைந்து கிடப்பதும் அதுவேதான். பசையைக் கரைக்கும் திரவம் கப்பையும் கரைக்காமல் விடுமா? பிறகு மூடி இறுக்கமான ஜாம் போத்தல்களைக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்தேன்.

இந்த வேலை முழுவதையும் கல்லடியில் எங்கள் வீட்டு வெளி விறாந்தையில்தான் செய்தேன். சைலீன் ஆவி தலையிடியையும் மயக்கத்தையும் தரும், தீயும் இலகுவில் பற்றும். கடற்காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும் இடம் அது. குசினி அடுப்புக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம். சாதாரணக் கையுறையை நம்பி விரலை உள்ளே விடவும் கூடாது, சைலீன் அதை ஊடுருவிவிடும். இடுக்கியால் எடுங்கள்.

இரண்டாம் நாள் பொறுமை இழந்தேன். சிறுநீரகச் சிலைட்டில் கவர்ஸ்லிப் கொஞ்சம் அசைவது போலிருந்தது. சவர அலகின் நுனியை ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்பினேன். வந்தது, ஆனால் இழையத்தின் அரைவாசியும் அதோடு சேர்ந்து வந்தது. புறணி என்ற வெளிப்பகுதியில் இருந்த கலன்கோளங்கள், இரத்தத்தை வடிக்கும் அந்த நுண்குழாய் முடிச்சுகள், எல்லாம் கிழிந்த துணி போலச் சுருண்டு போயின. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியில் சிறுநீரகம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கவர்ஸ்லிப்பை நான் கழற்றுவதில்லை, அது தானாகக் கழலும். சிலைட்டை இடுக்கியால் தூக்கிச் சரித்தால் கவர்ஸ்லிப் தன் பாரத்தில் வழுக்கி இறங்கவேண்டும். இறங்காவிட்டால் திரும்ப உள்ளே. ஐந்தாம் நாளில் 6, ஒன்பதாம் நாளுக்குள் இன்னும் 7. பன்னிரண்டாம் நாளிலும் அசையாத மூன்றைத் துடைத்து உலரவிட்டு, பிரிஜ்ஜின் உறைபெட்டியில் 20 நிமிடம் வைத்தேன். குளிரில் கண்ணாடியும் பசையும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. காய்ந்து நொறுங்கும் பசையானால் கவர்ஸ்லிப் விட்டுக்கொடுக்கும். இரண்டில் ஓரத்தைத் தொட்டவுடன் டிக் என்று கிளம்பியது. மூன்றாவது மசியவில்லை. அதை வற்புறுத்தாமல் மறுபடி சைலீனில் போட்டேன், பத்தொன்பதாம் நாள் வந்தது.

கவர்ஸ்லிப் போனவுடன் வேலை முடிந்ததென்று நினைக்கக்கூடாது. இழையத்தின் மேல் பழைய பசை கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். புது சைலீனில் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் அரை நாள் விட்டேன். 9 சிலைட்டுகளில் சாயம் நன்றாகவே இருந்தது. அவற்றைச் சைலீனிலிருந்து நேரே ஒட்டத் தயாராக வைத்தேன். தேவையில்லாமல் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகவில்லை.

மற்ற 7 வெளிறிப் போயிருந்தன. அவற்றைச் சைலீனிலிருந்து முழு அற்ககோல், 95 வீதம், 70 வீதம் என்று படிப்படியாகத் தண்ணீருக்கு இறக்கினேன். 70 வீத அற்ககோலில் 1 வீதம் ஐதரோகுளோரிக் அமிலம் கலந்ததில் மிச்சச் சாயத்தைக் கழுவி, ஹீமடொக்சிலினில் 8 நிமிடம். இந்தச் சாயமும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது. முதலில் கருக்கள் செவ்வூதாவாக இருக்கும், காரத்தன்மையுள்ள நீர் பட்டால்தான் நீலமாகும். எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் 15 நிமிடம் விட்டும் நீலம் சரியாக வரவில்லை. ஸ்கொட் கரைசல் செய்துகொண்டேன்: ஒரு லீற்றர் நீருக்குச் சோடியம் பைகாபனேற்று 3.5 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். அதில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் கருக்கள் பளிச்சென்று நீலமாயின. பிறகு இயோசின் என்ற மற்றச் சாயத்தில் 2 நிமிடம், கருவைச் சுற்றியவை இளஞ்சிவப்பு.

அப்புறம்தான் மார்கழி மழை தன் வேலையைக் காட்டியது.

சாயமேற்றிய சிலைட்டில் தண்ணீர் ஒரு துளியும் இருக்கக்கூடாது, ஏனென்றால் டி.பி.எக்ஸும் தண்ணீரும் கலக்காது. அதனால் 70, 95, முழு அற்ககோல் இரண்டு மாற்று என்று ஏற்றி, பிறகு சைலீனுக்குக் கொண்டுபோவோம். வழக்கம் போலச் செய்தேன். முதல் சிலைட்டைச் சைலீனில் வைத்ததும் இழையத்தைச் சுற்றிப் பால் ஊற்றியது போல வெண்புகை. தண்ணீர் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. திரும்ப அற்ககோலுக்குக் கொண்டுபோய் வந்தும் அதே பால். அப்போதுதான் சந்தேகம் வந்தது: நான் முழு அற்ககோல் என்று நம்பியிருந்த போத்தலே முழு அற்ககோலா?

மயில்துத்தத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் போய் வெள்ளைத் தூளாகும். அந்தத் தூளில் ஒரு சிட்டிகையைப் பரிசோதனைக் குழாயில் போட்டு, என் அற்ககோலை ஊற்றிக் குலுக்கினேன். நீலம் வந்தது. மூன்று நாளாக விடாத மழை, சாடிகளைத் திறந்து திறந்து மூடியதில் அற்ககோல் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துவிட்டது. புதுப் போத்தல் உடைத்து, சிறிது சிறிதாகச் சாடியில் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் உடனே மூடினேன். கடைசி அற்ககோல் சாடியை அடிக்கடி மாற்றினேன். பிறகு பால் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி முதல் தை வரை இந்த வேலை செய்பவர்கள் இந்த வெள்ளைத் தூளைக் காற்றுப் புகாத சிறு குப்பியில் கைவசம் வைத்திருந்தால் பல மணிநேரம் மிஞ்சும்.

ஒட்டும் இடத்துக்கு வருவோம். சிலைட்டைச் சைலீனிலிருந்து எடுத்து, ஓரத்தைத் தாளில் தொட்டு வடியவிட வேண்டும். அடிப்பக்கத்தைத் துடைக்கலாம். இழையம் இருக்கும் பக்கம் மினுமினுப்பாக ஈரமாகவே இருக்கவேண்டும். டி.பி.எக்ஸ் தேன் பதத்தில் இருப்பது நல்லது. கண்ணாடிக் கோலால் எடுத்தால் நூல் போல இறங்கி, விழுந்ததும் மெதுவாகப் பரவ வேண்டும். ஓடினால் மெல்லியது, நின்றால் தடித்தது. 22க்கு 40 மில்லிமீற்றர் கவர்ஸ்லிப்புக்கு இரண்டு சொட்டு போதும். கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தைச் சிலைட்டில் ஊன்றி, மறு ஓரத்தை ஊசியால் தாங்கி, பசை தானாக ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தாழ்த்த வேண்டும். பசைதான் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், நாங்கள் அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். சின்னக் குமிழ் தங்கினால் ஊசியின் பக்கத்தால் மேலிருந்து மெதுவாக அழுத்தி ஓரத்துக்குக் கொண்டுபோகலாம். அசைந்து அசைந்து விளையாடும் குமிழ் என்றால், கழற்றி இன்னொரு தடவை ஒட்டுவதே சுகம்.

கவர்ஸ்லிப்பின் தடிப்பும் கவனிக்கவேண்டியது. 40 மடங்கு வில்லையின் பக்கத்தில் 0.17 என்று பொறித்திருக்கும். அந்த வில்லை எதிர்பார்க்கும் கண்ணாடித் தடிப்பு அது, மில்லிமீற்றரில். 1ஆம் இலக்கக் கவர்ஸ்லிப் 0.13 முதல் 0.16 வரை வரும், அதற்குக் கீழே இருக்கும் பசைப் படலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். பெட்டியில் இரண்டு சிலைட்டுகள் 40இல் எப்போதும் மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம், அவற்றில் போட்டிருந்தது தடித்த கண்ணாடி. மாற்றியதும் கருவுக்குள் இருக்கும் புன்கரு வரை தெரிந்தது.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு சிலைட்டுகளை வடியவிட்டபடி எழுந்து போனேன். வந்து பார்த்தால் காய்ந்திருந்தன. பரவாயில்லை என்று அப்படியே ஒட்டினேன். நுணுக்குக்காட்டியில் கருக்களின் மேல் கபிலமும் கறுப்புமாகப் பளபளக்கும் பொட்டுகள், சோளப்பொரி தூவியது போல. சைலீன் ஆவியான இடத்தில் காற்று புகுந்து அகப்பட்டுக்கொண்டால் இப்படித்தான். கவர்ஸ்லிப்பைக் கழற்றி, சைலீன், அற்ககோல், தண்ணீர் என்று கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றினேன். இரண்டும் பிழைத்தன. அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு சிலைட்டைத்தான் வெளியே எடுக்கிறேன், தொலைபேசியை உள்ளறையில் விட்டுவிடுகிறேன்.

ஒட்டியவற்றைத் தட்டையாக, தூசு படாமல் மூடி வைத்தேன். சில கவர்ஸ்லிப்புகள் ஒரு பக்கம் எழும்பப் பார்த்தன. வலை கட்டும் தம்பியிடம் வாங்கிய சின்ன ஈயக்குண்டுகளை மேலே வைத்தேன், அமைதியாகப் படுத்துக்கொண்டன. மறுநாள் காலை ஓரங்களைப் பார்ப்பது முக்கியம். பசை உள்ளே இழுபட்டு இடைவெளி தெரிந்தால், அந்த ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் அது தானாக உள்ளே போகும். 16இல் 5க்கு அப்படி விடவேண்டி வந்தது. பழைய சிலைட்டுகளை ஒட்டியவர் இந்த ஒரு காலை வேலையைச் செய்திருந்தால் கறுப்பு மரம் இவ்வளவு முளைத்திராது என்றே நினைக்கிறேன்.

வெடித்த நான்கில் மூன்றுக்கு இழையம் நல்லபடி இருந்தது. கவர்ஸ்லிப்பைத் தொடாமல், துண்டுகளைப் பொருத்தி இன்னொரு புதுச் சிலைட்டின் மேல் டி.பி.எக்ஸாலேயே ஒட்டினேன். அடித்தடிப்பு இரட்டிப்பாவதால் ஒளிகுவிக்கும் வில்லையைக் கொஞ்சம் சரிசெய்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான். நான்காவதில் வெடிப்பு இழையத்தின் நடுவால் போயிருந்தது. அது நுரையீரல். அதையும் எறியவில்லை, பெட்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

கிழிந்துபோன சிறுநீரகம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு காலை இறைச்சிக் கடைக்குப் போனேன். "காக்கா, இப்ப அறுத்த ஆட்டுட கிட்னி ஒண்டு வேணும், கழுவ வேணாம்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "கறிக்கா மருந்துக்கா?" என்று கேட்டார். "படிப்புக்கு" என்றேன். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தவுடனேயே 4 மில்லிமீற்றர் தடிப்பில் துண்டாக்கி, புறணியும் மையவிழையமும் ஒரே துண்டில் வரும்படி எடுத்து, நடுநிலைப்படுத்திய 10 வீதப் போமலினில் போட்டேன். இழையத்தைப் போல 20 மடங்கு திரவம், ஒரு முழு நாள். அற்ககோல், சைலீன், 60 பாகையில் உருக்கி வைத்த மெழுகு எல்லாம் வழக்கமான பாதை, நீட்டவில்லை. நண்பரின் மைக்ரோடோமில் 5 மைக்ரோமீற்றரில் வெட்டி, 46 பாகை வெந்நீரில் மிதக்கவிட்டேன். மெழுகு உருகும் வெப்பநிலையிலிருந்து ஏறக்குறைய 10 பாகை குறைவாக இருந்தால் சுருக்கம் விரியும், மெழுகு உருகாது.

சிலைட்டில் வெட்டு பிடித்திருக்க, பழைய முறையையே கையாண்டேன். வீட்டுக் கோழி முட்டையின் வெள்ளைக்கருவும் கிளிசரினும் சம அளவு, வடித்து, கெடாமலிருக்க ஒரு துணிக்கை தைமோல். சுண்டுவிரலால் ஒரு பொட்டுத் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தை உள்ளங்கையால் துடைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி பூசினால் இயோசினில் அதுவும் சிவந்து அழுக்குப் பின்னணி தரும். வெட்டைச் சிலைட்டில் ஏந்தி எடுத்து நிமிர்த்தி வைத்து, அடியில் அகப்பட்ட தண்ணீர் முழுதும் வடிந்த பிறகே 60 பாகை அடுப்பில் ஒரு மணிநேரம். வடியும் முன் சூடாக்கினால் கொப்புளம் போட்டு, சாயச் சாடியில் வெட்டு மிதந்து போய்விடும். மூன்று சிலைட்டுகள் எடுத்தேன். மூன்றிலும் கலன்கோளங்கள் வரிசையாக, அவற்றைச் சுற்றியுள்ள போமனின் உறை தனியாகத் தெரியும்படி வந்தன.

பேணுவதற்கு நான் செய்தவை கொஞ்சம்தான். புதுச் சிலைட்டுகளின் சொரசொரப்பாக்கிய முனையில் பென்சிலால் எழுதினேன். பேனா மை அற்ககோலிலும் சைலீனிலும் போய்விடும், பென்சில் போகாது. ஓரங்கள் இரண்டு வாரம் காய்ந்த பிறகுதான் பெட்டியில் நிமிர்த்தி வைத்தேன். அதற்கு முன் நிமிர்த்தினால் கவர்ஸ்லிப் மெல்ல மெல்ல இறங்கிவிடும். உவர்காற்றும் ஈரமும் உள்ள இடம் என்பதால் பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்று. நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடச் சொல்லி அக்காவிடம் சொன்னேன். யன்னல் வெயிலிலும் வைக்கக்கூடாது, இயோசின் வெளிறும். அழுக்குச் சைலீனை வாவிப் பக்கம் ஓடும் கானில் ஊற்றும் எண்ணம் யாருக்கும் வரவேண்டாம். அதைப் பெயரெழுதிய போத்தலில் மூடி வைத்திருக்கிறேன். பழைய கவர்ஸ்லிப் கழற்றும் முதல் ஊறலுக்கு அது இன்னும் உதவும்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தது தைப்பொங்கல் கழிந்த கிழமை. அக்கா முதலில் எடுத்தது புதுச் சிறுநீரகத்தைத்தான். 10இல் பார்த்தார், 40க்குத் திருப்பினார், நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையிடம், "வா புள்ள, இதப் பார். நான் கரும்பலகையில கீறிறது இதத்தான்" என்றார்.

பங்குனியில் ஒரு தடவை போய் 16 சிலைட்டுகளின் ஓரங்களையும் கைவில்லையால் பார்த்தேன். 15 சரியாக இருந்தன. தைரொயிட்டில் இடது மூலையில் மட்டும் கடுகளவு காற்று உள்ளே வரத் தொடங்கியிருந்தது. கையோடு கொண்டுபோன குப்பியிலிருந்து ஒரு சொட்டு டி.பி.எக்ஸ் விட்டு, மேசையில் படுக்க வைத்துவிட்டு வந்தேன்.